நீல நூலின் முடிச்சு

பிள்ளைகளே, அலுமாரியின் மேல்தட்டில் பழைய சீலைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கற் தகரப் பேணி இருக்கிறது. அதற்குள் கைக்குட்டைபோல் மடித்த இரண்டு லேஞ்சிகள், ஒவ்வொரு லேஞ்சிக்குள்ளும் ஒரு பதக்கம். இரண்டு பதக்கமும் ஒரே மாதிரி. ஒன்றின் கொளுக்கியில் நீல நூல் கட்டியிருக்கும், மற்றதில் பச்சை நூல், அது மூத்தவள் என்னிடம் வைக்கத் தந்தது. உங்களில் சின்னவனான தம்பியின் கல்யாணத்துக்கு நாள் வைத்துவிட்டு வந்த கையோடு அந்தப் பேணியை இறக்கி, நீல நூல் கட்டிய பதக்கத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பதக்கத்தைப் பார்த்தேன் என்பதைவிட அந்த நூலின் முடிச்சைப் பார்த்தேன் என்பதுதான் சரி. அதைப்பற்றி நீங்கள் இரண்டு பேரும் அறிந்திருக்க வேண்டும். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் போன் அடிக்கும், எழும்பிப் போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். இதில் நான் அம்மா என்று எழுதுவது உங்கள் அப்பம்மாவை. மாமி என்று எழுதுவது நீங்கள் உரும்பிராய் அப்பம்மா என்று கூப்பிட்டவரை. மாமியின் ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. இனி எழுதினால் அவருக்கு ஒரு நோவும் இல்லை.

முதலில் அந்தப் பதக்கத்தின் வேலைப்பாட்டைச் சொல்ல வேண்டும். இரண்டு அன்னங்கள் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும். நடுவில் ஒரு தாமரை. அன்னங்களின் நெஞ்சிலும் தாமரை இதழ்களிலும் சிவப்புக் கல் பதித்திருக்கும். தாமரைக்குக் கீழே ஒற்றை முத்துத் தொங்கும், போட்டிருப்பவள் மூச்சு விட்டால் அதுவும் மெல்ல ஆடும். எங்கள் வலிகாமப் பக்கத்தில் எந்தப் பழைய கல்யாணப் படத்தை எடுத்தாலும் பெண்ணின் கழுத்தில் இதுதான். எத்தனையோ நகைகள் வந்தன, போயின. ஒரு காலம் எல்லாரும் பூப்போட்ட மெல்லிய சங்கிலி என்று திரிந்தார்கள். பிறகு தட்டையாக ஒன்று வந்தது. அவையெல்லாம் உருகி வேறு ஏதோ ஆகிவிட்டன. இந்த அன்னங்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. மூத்தவள் தன் கல்யாணத்துக்கு முன்னம் போனில் ஒரு படத்தைக் காட்டி, "அப்பா, இப்ப இதுதான் புது டிசைன்" என்றாள். பார்த்தால் அதே இரண்டு அன்னம்.

ஏன் இது மட்டும் போகாமல் நிற்கிறது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வடிவு என்பது ஒரு காரணம்தான். மெலிந்த கழுத்துக்கும் பருத்த கழுத்துக்கும் பொருந்தும், பட்டுச் சீலைக்கும் நூல் சீலைக்கும் பொருந்தும். ஆனால் எனக்கு வேறொரு காரணம் தெரிகிறது, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிப் பதக்கம் இருந்தால், ஒரு பெண்ணின் கழுத்தில் கிடப்பது அவளுடையதோ இரவல் வாங்கியதோ என்று ஆருக்கும் தெரியாது. எங்களுடைய ஆட்கள் நகையை இரவல் கொடுத்து வாங்குகிறவர்கள். பெண்ணுக்கு இல்லை என்று சபையில் தெரியக்கூடாது, கொடுத்தவளும் தன்னுடையது என்று காட்டிக்கொள்ளக்கூடாது. அதற்கு இந்த அன்னப் பதக்கத்தைப் போல ஒத்தாசை செய்த நகை வேறில்லை. அடையாளம் தெரியாமல் இருப்பதுதான் அதன் சிறப்பு. எங்கள் வீட்டுச் சந்தேகம் முளைத்ததும் அதே இடத்தில்தான்.

என் அப்பாவின் ஊர் உரும்பிராய், அம்மாவின் ஊர் சண்டிலிப்பாய். அவர்களுடையது மாற்றுச் சம்பந்தம். அப்பா அம்மாவைக் கட்டினார், அப்பாவின் தங்கையை அம்மாவின் தமையன் கட்டினார். ஒரே நாளில் இரண்டு தாலி. அப்பா உரும்பிராயிலிருந்து சண்டிலிப்பாய்க்கு வந்தார், மாமா சண்டிலிப்பாயிலிருந்து உரும்பிராய்க்குப் போனார். அதனால் மாமி எனக்கு இரண்டு வழியிலும் மாமி. இப்படிப்பட்ட சம்பந்தத்தில் இரண்டு பக்கமும் தராசு பிடித்த மாதிரி இருக்கவேண்டும். ஒரு வீட்டுப் பெண்ணுக்கு அண்டா கொடுத்தால் மற்ற வீட்டுப் பெண்ணுக்கும் அண்டா. ஆகவே இரண்டு பெண்களுக்கும் ஒரே நகைப் பத்தரிடம் ஒரே பதக்கத்தை ஒரே நிறையில் செய்வித்தார்கள். மாறிப் போகாமல் இருக்க அம்மா தன் கொளுக்கியில் நீல நூல் கட்டினார், மாமி பச்சை நூல் கட்டினார்.

ஆனால் அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தன் தகப்பன் பத்தரைத் தனியாகக் கண்டு, தன் மகளின் பதக்கத்துக்கு மட்டும் நல்ல மன்னார் முத்தாகப் பார்த்துப் போடச் சொன்னார் என்று. தகப்பன் சொன்னாரோ, அம்மாவாக நினைத்துக்கொண்டாரோ தெரியாது. அம்மாவின் முத்து உருக்கிய நெய்யின் நிறத்தில் இருக்கும். அதைத்தான் அம்மா மன்னார் முத்தின் நிறம் என்று சொல்லுவார். மாமியின் முத்தை அந்த நாளில் அவர் கவனித்ததில்லை. கவனிக்க ஒரு தேவையும் இருக்கவில்லை.

அப்பாவுக்கு இன்னொரு தங்கை இருந்தார், கடைசித் தங்கை, எனக்குச் சின்ன மாமி. அவருடைய கல்யாணம் வந்தபோது தகப்பன் இல்லை, அந்த வருடம் வெங்காயமும் அழுகிப் போயிற்று. பெண்ணின் கழுத்துக்குப் பதக்கம் இல்லை. மாமி ஒருநாள் சண்டிலிப்பாய்க்கு வந்து குசினி அடுப்படியில் அம்மாவோடு கதைத்துவிட்டுப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு போனார். கல்யாணத்தில் பெண்ணின் கழுத்தில் அம்மாவின் பதக்கம், மாமியின் கழுத்தில் மாமியின் பதக்கம். சபையில் ஆருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கல்யாணம் முடிந்து சில நாளில் மாமி அதை லேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அம்மாவின் கையில் கொடுத்தார்.

மாமி வாசல் படலையைத் தாண்டும் வரைக்கும் அம்மா லேஞ்சியை அவிழ்க்கவில்லை. பிறகு லேஞ்சியை விரித்து, பதக்கத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கொளுக்கியைப் பார்த்தார். அப்பா தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா கிணற்றடிக்கே போய்ச் சொன்னார்:

"இது என்ரை இல்லை."

"நீல நூல் கிடக்குத்தானே?"

"நூலை ஆரும் கட்டலாம்."

இந்தச் சொல் எங்கள் வீட்டில் பிறகு எத்தனை தரம் கேட்டது என்று எனக்கே தெரியாது. அம்மாவிடம் இரண்டு சாட்சி இருந்தன. முத்து வெள்ளை வெளேரென்று இருந்தது, நெய் நிறம் இல்லை. அடுத்தது, நூல் நீலமானாலும் முடிச்சு வேறு. அம்மா இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி ஓட்ட நறுக்கி விடுவார். இந்த முடிச்சில் ஒரு சின்னக் காது நீட்டிக்கொண்டிருந்தது. வெங்காயத்தைப் பிடிபிடியாக நாரால் கட்டித் தொங்கவிடும்போது, இழுத்தால் அவிழ்கிற மாதிரி உரும்பிராயில் போடுகிற முடிச்சு. அப்பா பாவம், அது தன் தங்கை என்பதால் வாயைத் திறக்க முடியவில்லை. அம்மாவும் போய்க் கேட்க முடியவில்லை. இந்த வீட்டில் அப்பாவின் தங்கையைப்பற்றி ஒரு சொல் விழுந்தால், அந்த வீட்டில் அது அம்மாவின் தமையன் தலையில் போய் விழும். மாற்றுச் சம்பந்தத்தில் கோபத்துக்கும் மாற்று உண்டு. ஆகவே அம்மா கேட்காமலே வைத்துக்கொண்டார். பதக்கத்தைப் பேணிக்குள் போட்டார். அதற்குப் பிறகு அவர் அதைக் கழுத்தில் போட்டதே இல்லை.

அதை விட்டுவிட்டு மாமியின் கழுத்தைப் பார்க்கத் தொடங்கினார். கோவில் திருவிழா, சாமத்தியச் சடங்கு வீடு, கல்யாண வீடு, எங்கே மாமியைக் கண்டாலும் அம்மாவின் கண் முதலில் போவது முகத்துக்கு அல்ல. ஒருமுறை தேர் அன்று வெயிலில் நின்றுகொண்டு என் தோளைத் தொட்டு, "அங்கை பார், நெய்யின்ரை நிறம்" என்றார். பார்த்தேன். உண்மைதான். மாமியின் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்த முத்து அம்மா சொன்ன அதே நிறம். எனக்கு அப்போது மீசை அரும்பிய வயது. நகையைப்பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நிறத்தைக் கண்ட நாளிலிருந்து சந்தேகம் எனக்கும் தொற்றிவிட்டது.

சந்தேகம் வந்த பிறகு ஒரு ஆள் செய்கிற நல்லதெல்லாம் சாட்சியாக மாறிவிடும், அதைத்தான் நான் என் கண்ணால் கண்டேன். மாமியின் வளவில் கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது. முதல் பழம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அம்மா பழத்தை மணந்து பார்த்துவிட்டு, "மனச்சாட்சி குத்துது போலை" என்பார். மாமி வராமல் இருந்தால், "முகத்திலை முழிக்க ஏலாமல் இருக்கிறா." அடிக்கடி வந்தால், "எங்களுக்குத் தெரியுமோ எண்டு பார்க்க வாறா." வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம். மாமியோ சிரித்த முகம், சத்தமான கதை. அம்மாவை "மச்சாள், மச்சாள்" என்று கூப்பிட்டுக்கொண்டு குசினிக்குள்ளே போய்த் தானே தேத்தண்ணி போட்டுக் குடிப்பார். அதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். ஒன்றும் செய்யாதவளுக்கு இவ்வளவு சிரிப்பு எங்கேயிருந்து வருகிறது என்று.

சண்டையால் இடம்பெயர்ந்து போன காலத்தில் தென்மராட்சியில் ஒரு வீட்டில் இரண்டு குடும்பமும் ஒன்றாக இருந்தோம். மாமி தங்கள் அரிசியை எங்கள் பானையில்தான் போட்டார். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது தலைமாட்டில் இருந்து ஈரத்துணி வைத்தார். அம்மா காய்ச்சலிலும் பதக்கத்தை இடுப்பில் முடிந்துகொண்டு, அதன்மேல் கையை வைத்தபடி படுத்திருந்தார். பிறகு மூத்தவள் பிறந்தபோது, தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்ததும் மாமிதான். "பாவத்தைக் கழுவுறா" என்றார் அம்மா.  சரியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

மூத்தவளின் கல்யாணம் சரிவந்தபோது அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. அப்பாவின் பக்கத்தில் மூத்த ஆள் என்று மணவறைக்கு முன்னால் வந்து அறுகரிசி போட்டு வாழ்த்துவதற்கு மிஞ்சி இருந்தது மாமி ஒருவர்தான். கல்யாணத்துக்குச் சில கிழமை இருக்க, மாமி ஓட்டோ பிடித்துத் தனியே வந்தார். கதிரையில் இருந்து மூச்சு வாங்கினார். பிறகு இடுப்பிலிருந்து லேஞ்சியை எடுத்து மூத்தவளின் மடியில் வைத்தார். பச்சை நூல் கட்டிய பதக்கம்.

"உனக்குத்தான் பிள்ளை. என்ரை பெடியள் இரண்டும் வெளிநாட்டிலை. அவங்கடை பெஞ்சாதிமார் உதைத் திரும்பியும் பாராளவை."

மூத்தவள் அழுதேவிட்டாள். உங்கள் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மடியில் கிடந்த முத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெய் நிறம்.

மாமி போன பிறகு அம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டார். "என்ரை பொருள் என்னட்டைத் திரும்பி வந்திருக்கு. ஆனால் குடுக்கிறவ என்னெண்டு குடுக்கிறா? தன்ரையை எங்கடை பிள்ளைக்குத் தாற மாதிரி. நாங்கள் கும்பிட்டு வாங்கவேணும். வாயாலை ஒரு சொல் உண்மை சொல்லட்டும், பிள்ளை போடட்டும். இல்லாட்டி கொண்டுபோய்க் குடுத்திட்டு வா."

"குடுத்தால் மாமி கலியாணத்துக்கு வருவாவே அம்மா?"

"வராட்டில் விடு."

வராட்டில் விடு என்று அம்மா சொல்லலாம். எனக்கு அது அப்பா வழிச் சொந்தத்தின் கதிரையை வெறுமையாக விடுவது. பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தால் மாமி ஏன் என்று கேட்பார், அந்த ஏனுக்கு நான் மறுமொழி சொன்னால் அதோடு அந்த வீடு முடிந்தது. வாங்கி வைத்தால் அம்மா மணவறைப் பக்கம் வரமாட்டார். வெறும் வாய்ப்பேச்சாக இல்லாமல், எந்த முத்து எது என்று திட்டமாகத் தெரிந்தால் நல்லது என்று நினைத்தேன். மாமிதான் மாற்றியவர் என்றால், நான் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு ஒரு முடிவு எடுப்பேன். உண்மையைச் சொன்னால், மாமி மாற்றியவர் என்றுதான் வரும் என்று நம்பிப் போனேன்.

மூத்தவளே, நகைக்கடைக்கு நீ என்னோடு வந்தாய். பேணியிலிருந்த அம்மாவின் பதக்கத்தையும் எடுத்து, இரண்டையும் மினுக்கப் போகிறோம் என்று உனக்குச் சொன்னேன். கஸ்தூரியார் வீதியில் இறங்கியபோது நான் ஏன் சட்டைப் பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன் என்று நீ கேட்டுச் சிரித்தாய். எனக்கு அந்தக் கடைக்காரரிலும் நம்பிக்கை இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அதே அன்னப் பதக்கம் புதிதாகச் செய்து வரிசையாகத் தொங்கியது. எங்கள் இரண்டு பதக்கத்தையும் கண்டதும் முதலாளி கதிரையை விட்டு எழும்பினார், கேட்காமலே போனில் படம் எடுத்தார். இப்போது எல்லாரும் பழைய வேலைப்பாடுதான் கேட்கிறார்கள், இதைக் கொடுத்தால் இரண்டு புதியது தரலாம் என்றார். விற்க வரவில்லை, எது மன்னார் முத்து, எது மற்றது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவர் நெய் நிற முத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"முத்தின்ரை நிறமோ ஊத்தையோ எண்டு கழுவாமல் எப்பிடி ஐயா சொல்லுறது?"

நிறை பார்க்கச் சொல்லித் தராசைக் கேட்டேன். இரண்டையும் வைத்துக் காட்டினார், வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நான் அவரோடு தராசைப்பற்றித் தர்க்கப்பட்டுக்கொண்டு நின்ற நேரத்தில், உள்ளே வேலை செய்த பெட்டைப்பிள்ளை கழுவுவதற்கென்று இரண்டையும் எடுத்துப் போய்விட்டாள். நனைந்தால் நூல் நிறம் கரையும் என்று கத்தரிக்கோலால் இரண்டு நூலையும் நறுக்கி மேசையில் போட்டாள். நான் கண்டு கூப்பிடுவதற்குள் இரண்டு பதக்கமும் சவர்க்காரத் தண்ணீருக்குள் கிடந்தன. அவள் ஒரு மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். நான் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெய் நிற முத்திலிருந்து நிறம் கழன்று தண்ணீரில் இறங்கியது. எண்ணெயும் சந்தனமும் மஞ்சளும் வேர்வையும், ஒரு கழுத்தின் இத்தனை வருடச் சங்கதி எல்லாம் அந்தக் கிண்ணத்தில் மிதந்தது. துடைத்துக் கடதாசியில் வைத்தபோது இரண்டு முத்தும் ஒரே வெள்ளை.

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரவல் வாங்கிய நகையை எங்கள் பெண்கள் அப்படியே திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை வரக் கசக்கி, அதில் கழுவித் துடைத்துத்தான் கொடுப்பார்கள். கழுவுவதற்கு நூலை அவிழ்க்க வேண்டும், கழுவிய பிறகு திரும்பக் கட்ட வேண்டும். கொடுத்த பொருளைவிடத் துப்பரவாகக் கொடுக்க வேண்டும் என்ற மரியாதை. அம்மாவின் முத்து வெள்ளையாக வந்தது அந்த மரியாதையால். மாமியின் முத்து நெய் நிறமானது, தன்னுடையதை ஆரும் அப்படிக் கழுவுவதில்லை என்பதால். அம்மா தன்னுடையதைக் கழுத்தில் போடாமல் பேணிக்குள் வைத்தார், அது வெள்ளையாகவே இருந்தது. ஒருவரும் ஒன்றையும் மாற்றவில்லை.

அப்போது நீ கேட்டாய், "அப்பா, இதிலை எது எங்கடை?" நான் கடதாசியைப் பார்த்தேன். நூல் இல்லை, நிறம் இல்லை. அந்தப் பெட்டை எதை முதலில் துடைத்தாள் என்று தெரியாது, அவளுக்கும் தெரியாது. மேசையில் கிடந்த நூல்துண்டுகளைக் காட்டி, "இது வேணுமோ அங்கிள், எறியவோ?" என்றாள். அம்மா இவ்வளவு காலமும் பயந்த காரியம் அன்றைக்குத்தான் நடந்தது, அதுவும் சந்தேகத்தைத் தீர்க்க வந்த என் கண்ணுக்கு முன்னால். எனக்கு முகம் வெளிறியதை நீ வெயில் என்று நினைத்துச் சோடா வாங்கித் தந்தாய்.

உன்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் மோட்டார் சைக்கிளில் உரும்பிராய்க்குப் போனேன். மாமி பின் வளவில் பலகைக்கட்டையில் இருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு சின்னக் காது. எப்படிக் கேட்பது என்று தெரியாமல், சின்ன மாமியின் கல்யாணத்துக்கு வாங்கிய பதக்கத்தைக் கழுவியா கொடுத்தீர்கள் என்று நேரே கேட்டுவிட்டேன். மாமி தலை நிமிராமல் சொன்னார்:

"கழுவாமல் ஆரன் குடுப்பினமே? கொம்மாவின்ரையிலை கிடந்த ஊத்தைக்கு இரண்டு தண்ணி மாத்தினனான். என்ன, இப்பதான் அதுக்கு முறைப்பாடு வந்திருக்கோ?"

இல்லை, சும்மா கேட்டேன் என்றேன். மாமி வெங்காயத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தானாகவே சொன்னார், அம்மா தன் கழுத்தைப் பார்க்கிற பார்வை தனக்குத் தெரியும் என்று. கோவிலிலும் பார்ப்பா, கல்யாண வீட்டிலும் பார்ப்பா.

"மச்சாளுக்கு என்ரை பதக்கத்திலை ஒரு ஆசை. இரண்டும் ஒண்டுதான் எண்டாலும், மற்றவளின்ரை கழுத்திலை கிடந்தால் வடிவு கூடத்தான் தெரியும். அவவுக்கு நேரை குடுத்தால் வாங்கமாட்டா. அதுதான் தம்பி, பெட்டைக்குக் குடுத்தனான். அவ ஆசைதீரப் பார்க்கட்டும்."

 அம்மா எந்த எண்ணத்தோடு அந்தக் கழுத்தைப் பார்த்தாரோ, அதை மாமி ஆசை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். எடுத்துக்கொண்டு, கழற்றியும் கொடுத்துவிட்டார். உண்மையைச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. இரண்டும் கடையில் கலந்து போயிற்று என்பதை மட்டும் சொன்னேன். மாமி சிரித்துவிட்டு, அதற்கு இப்போது என்ன, உன் அம்மாவிடம் கொடுத்து எடுக்கச் சொல்லு, மிஞ்சினது என்னுடையது என்றார். போகும்போது ஒரு பிடி வெங்காயமும் தந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு எல்லாம் சொன்னேன், கழுவிய கதையும் கிண்ணத்தில் கண்டதும். மாமி ஆசை என்று நினைத்த கதையை மட்டும் கடைசியில் சொன்னேன். அம்மா நான் கொண்டுவந்த வெங்காயப் பிடியின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நூலை ஆரும் கட்டலாம் எண்டு நான் சொன்னது பிழையில்லையே, அவதானே கட்டியிருக்கிறா" என்றார். அதுதான் அம்மா. நான் இரண்டு பதக்கத்தையும் அவர் கையில் கொடுத்தேன். இரண்டையும் மாறி மாறி உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார், கண்ணை மூடியும் பார்த்தார். கடைசியில் ஒன்றை என்னிடம் நீட்டினார். "இதுதான் என்ரை." எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. தெரிந்திருக்க வழியில்லை. தையல் பெட்டியிலிருந்து நீல நூல் எடுத்து அதில் கட்டினேன், மற்றதில் பச்சை.

கல்யாணத்தன்று மூத்தவளின் கழுத்தில் பச்சை நூல் கட்டிய பதக்கம். மாமி அறுகரிசி போட்டுவிட்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் பின்னால் நின்றேன். மாமி அம்மாவின் காதுக்குள், ஆனால் நாலு பேருக்குக் கேட்க, "மச்சாள், இப்ப வடிவாப் பாருங்கோ" என்றார். அம்மா பேத்தியைப் பார்க்கவில்லை. மாமியின் முகத்தைப் பார்த்தார். அவர் மாமியின் கழுத்தை விட்டு முகத்தைப் பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன். "வடிவாத்தான் கிடக்கு மச்சாள்" என்றார். அதற்கு மேல் அம்மா மாமியிடம் ஒன்றும் சொன்னதில்லை, எனக்குத் தெரிந்து. மாமியின் செத்தவீட்டில் தலைமாட்டில் இருந்தபோது, பழக்கத்தில் அம்மாவின் கண் திரும்பவும் கழுத்துக்குத்தான் போனது. அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அம்மா தன் சீலைத் தலைப்பால் அந்த இடத்தை மூடிவிட்டார்.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் மிச்சமாக இருக்கிறது. மாமி இவ்வளவு விபரமான மனுசி, ஒரு பார்வையில் ஆசை எது, பழி எது என்று தெரியாமலா இருந்திருப்பார்? நான் கேட்டதும் தலை நிமிராமல் மறுமொழி சொன்னாரே, அந்தக் கேள்விக்காக அவர் எவ்வளவு காலம் காத்திருந்தார்? எல்லாம் தெரிந்துகொண்டே, எங்களை வெட்கப்படவிடாமல், ஆசை என்று ஒரு பெயர் வைத்துக் கொடுத்தாரோ? இதை ஆரிடமும் கேட்க முடியாது. மாமி போய்விட்டார்.

தம்பி, நீல நூல் கட்டிய பதக்கம் இனி உன் மனுசிக்கு. அவள் கெட்டிக்காரப் பிள்ளை, வந்த நாளே திருப்பிப் பார்ப்பாள். அப்பம்மாவின் நூலென்று சொல்கிறார்கள், முடிச்சு அப்பம்மாவுடையது மாதிரி இல்லையே என்று ஒருநாள் நினைக்கக்கூடும். அக்காவின் பச்சை நூலையும் அதோடு வைத்துப் பார்க்கக்கூடும். இன்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அந்தப் பயம்தான் வந்தது. ஆகவே இதை இரண்டு பேரும் வாசித்து அவளுக்கும் சொல்லுங்கள். அது அப்பம்மாவின் இறுக்கிய முடிச்சும் அல்ல, உரும்பிராயின் காது வைத்த முடிச்சும் அல்ல. கத்தரிக்காய்ச் செடிக்குத் தடி நட்டுக் கட்டுகிற முடிச்சு, எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இரண்டு நூலையும் கட்டியது நான்.